திண்டிவனத்து மூன்று கூடுகள்

திவ்யா,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, திண்டிவனம் மூணாவது கூட்டுல கடைசி நாளு முட்டை ஓட்டுத் தூளு கெடந்துச்சா இல்லயான்னு நோட்டுல எழுதல. பாத்தியா, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாய். "அன்னிக்கு கண்ணாடி எடுத்துக்கினு போவல பாப்பா, நெனப்பில்ல" என்றேன். நீ அடுத்த கேள்வி கேட்பதற்குள் கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிலிண்டர் வரவில்லை. வாசலில் யாரும் இல்லை. கண்ணாடியும் அன்றைக்கு என் சட்டைப் பையில்தான் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை நீ ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகிறாய், அதற்கடுத்த மாதம் வேலைக்குக் குஜராத் போகப் போகிறாய். அதற்குள் நான் சொல்லிவிட வேண்டிய ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்து மூடினேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நேராக விஷயத்துக்கு வந்தால் நீ அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே போட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நான் எதற்குத்தான் பயப்படவில்லை? முப்பது வருஷம் இதே விழுப்புரம், திண்டிவனம் ரோட்டில் கண்டக்டராக இருந்தவன். படியில் தொங்குகிறவன் விழுந்துவிடுவானோ என்று விக்கிரவாண்டி வரைக்கும் பின்படியையே பார்த்துக்கொண்டு வந்தவன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நீ ஒன்பதாவது படிக்கும்போது சிநேகிதியின் குடும்பத்தோடு இரும்பை கோயிலுக்குப் போனாய். மதியம் வருகிறேன் என்றவள் மூன்று மணியாகியும் வரவில்லை. நான் டியூட்டியை மாற்றிக்கொடுத்துவிட்டு யூனிஃபார்மோடு வந்தேன். கூட்டத்தில் உன்னைக் காணாமல், பிரகாரத்தில் நின்று பஸ் விசிலை எடுத்து ஊதினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. நீ பிரசாதக் கியூவிலிருந்து வெளியே வந்தாய். முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. பிள்ளை பத்திரமாகக் கிடைத்தாளே, வேறு என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் கேட்க வேண்டிய மன்னிப்புகளில் அதுதான் சின்னது.

போன வருஷம் ஏப்ரலில் ஏரி மதகுப் படியில் வழுக்கி உன் கணுக்கால் உடைந்தது. கட்டுப் போட்ட டாக்டர் ஆறு வாரம் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்றார். நீ வலிக்கு அழவில்லை. "ஆக்காட்டிங்க எல்லாம் இப்பத்தாம்பா முட்டை போட்டிருக்கு, இந்த சீசன் போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு" என்று அழுதாய். நான்தான் முந்திக்கொண்டேன். "நான் போயி பாத்துக்கினு வர்றேன், நீ சொல்லு, எழுதிக்கினு வர்றேன்" என்றேன். சம்பளத்துக்கு வேலை பார்த்த காலம் முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு அது பெரிய சந்தோஷம். உன் ஆய்வில் எனக்கும் ஒரு இடம். நீ உன் ஆய்வுக்கு வழிகாட்டுகிற மேடத்திடம் போனில் பேசி அனுமதி வாங்கினாய். "எங்கப்பா டிரிப் ஷீட்ல ஒரு அடித்தல் இல்லாம எழுதுவாரு மேடம்" என்று நீ சொன்னது சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது.

அதுவரைக்கும் நீ ஆய்வு செய்கிற சிவப்பு மூக்கு ஆக்காட்டியும் மஞ்சள் மூக்கு ஆக்காட்டியும் எனக்கு ஒரே பறவைதான். கழனிப் பக்கம் கத்திக்கொண்டு பறந்தால் ஆக்காட்டி, அவ்வளவுதான். நீ தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாய். "தலைய பாருப்பா. செகப்பு மூக்குக்கு தலை, தொண்டை, நெஞ்சு எல்லாம் கறுப்பு. கண்ணுகிட்டேர்ந்து கழுத்தோரமா ஒரு வெள்ளப் பட்டை எறங்கும். மஞ்ச மூக்குக்கு உச்சந்தலை மட்டுந்தான் கறுப்பு, தொப்பி போட்ட மாதிரி. தொப்பிக்குக் கீழ வெள்ளைக் கோடு. நெஞ்சு மண்ணு கலரு." நான் கேட்டேன், "அப்ப காலு?" "ரெண்டுக்கும் மஞ்சக் காலுதான். கால பாத்து முடிவு பண்ணிடாத. இன்னொண்ணு, பேருதான் மஞ்ச மூக்கு. அலகு கறுப்பாத்தான் இருக்கும். கண்ணு முன்னால தொங்குது பாரு தோலு, அதுதான் மஞ்சள்." நான் எல்லாவற்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கூட்டுக்கு நேராக நடந்து போகக் கூடாது, பின்னால் நாய் வந்தால் கிட்டவே போகக் கூடாது, தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒரு தடவை மட்டும் கிட்டே போய் முட்டையை எண்ண வேண்டும், கூடு காலியாக இருந்தால் பொரித்ததா போனதா என்று ஓட்டுத் தூளைத் தேட வேண்டும். இதெல்லாம் என் கையெழுத்தில் அதில் இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

சிவப்பு மூக்கின் கூடுகள் நான்கும் கண்டமங்கலத்துப் பக்கம் ஏரிக்கரையில். மஞ்சள் மூக்கின் மூன்றும் திண்டிவனத்துக்கு இப்பால், பைபாஸிலிருந்து மண் பாதையில் உள்ளே போனால் வருகிற பொட்டலில். மனை போட்டுக் கல் நட்டு, யாரும் வீடு கட்டாமல் கிடக்கிற இடம். மூன்று நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு இடமும். முதல் இரண்டு வாரம் நான் ஒரு நாள் தவறவில்லை. ஏரியில் நான் வண்டியை நிறுத்தும்போதே சிவப்பு மூக்கு எழும்பிவிடும். தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி, என்னவோ நான் அதன் சொத்தைப் பிடுங்க வந்தவன் மாதிரி கத்தும். ஏரியில் இருக்கிற கொக்கு, மடையான் எல்லாம் அது கத்துகிற கத்தலில் பறந்துவிடும். வெயில் ஏறினால் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டை மேல் உட்காரும். நான் வந்து சொன்னபோது, "நெஜமாவா? நீயே பாத்தியா?" என்று கைதட்டினாய். திண்டிவனத்துப் பறவை வேறு மாதிரி. நான் வருவது தெரிந்ததும் சத்தமில்லாமல் எழுந்து, முட்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல நாலு அடி நடந்து போய் மண்ணைக் கொத்தும். அது போகிற திசையைப் பார்த்துக் கூட்டைத் தேடினால் ஏமாந்து போவோம். அந்தச் செம்மண் சரளையில் முட்டை எது கல் எது என்று தெரியாமல் முதல் நாள் நான் ஒரு மணி நேரம் நின்றேன்.

ஏரியில் இருந்த நான்கு கூட்டில் ஒன்றை எருமை மிதித்தது. ஒன்றைக் காக்கை தின்றது, அதை என் கண்ணால் பார்த்தேன். ஒன்று கோடை மழையில் மூழ்கியது. ஒன்றுதான் பொரித்தது. அதெல்லாம் உண்மை, திவ்யா. நோட்டில் ஏரிப் பக்கம் எழுதியிருக்கிற ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அதில் நீ சந்தேகப்பட வேண்டாம்.

ஐந்தாவது தடவை திண்டிவனம் போன அன்றைக்குப் பத்து மணி இருக்கும். இரண்டாவது கூட்டுப் பறவை வெயிலில் உட்காராமல் முட்டை மேல் நின்றுகொண்டு, இறக்கையைக் கொஞ்சம் விரித்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. அலகு திறந்து மூச்சு வாங்கியது. பைனாகுலரில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சில் யாரோ முட்டியை வைத்து அழுத்துவது போல இருந்தது. இடது கை கனத்தது. பக்கத்தில் இருந்த மனைக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. போனை எடுக்கலாம் என்றால் யாருக்குச் செய்வது? நீ கட்டிலில் கிடக்கிறாய், உன் அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. ஆடு மேய்க்கிற ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். அதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. பெயர் அஞ்சலை.

"இன்னாண்ணே, மூஞ்செல்லாம் வேத்துக்கினு கீது? எழுந்துக்க முடியலயா?"

"ஒண்ணும் இல்லம்மா, வெயிலு."

"வெயிலுக்கு இப்டி வேக்காது. எம் மாமனாருக்கு இப்டித்தான் வந்துச்சு. இந்தா தண்ணி குடி. நெழலுக்கு வா, மெதுவா."

வேலிக்காத்தான் நிழலில் என்னை உட்கார வைத்து, கேப்பைக் கூழ் கொடுத்தாள். வலி மெல்ல இறங்கியது. "நேரா டாக்டராண்ட போ, வேற எங்கியும் போவாத" என்றாள். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். டாக்டரிடம் போகவில்லை. வாயுப் பிடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் சொன்னால் உன் அம்மா என்னை வெளியே விட மாட்டாள், உன் சீசன் போய்விடும். இதுதான் அன்றைக்கு நான் சொல்லிக்கொண்ட காரணம். நல்ல அப்பா சொல்கிற காரணம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் மூன்று நாள் கழித்து மறுபடியும் போக வேண்டிய காலை வந்தபோதுதான் தெரிந்தது, உண்மைக் காரணம் அந்தப் பொட்டல்தான் என்று. அங்கே தனியாக விழுந்து கிடப்பேன் என்ற பயம்.

ஆனாலும் ஐந்தரை மணிக்கு வண்டியை எடுத்தேன். நீ கட்டிலில் இருந்து கையாட்டினாய். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடை இருக்கிறது, அதோடு நின்றுவிட்டேன். அதற்கு மேல் போக முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே நோட்டைத் திறந்து எழுதினேன்: 'கூடு ஒன்று, முட்டை நான்கு. கூடு இரண்டு, முட்டை நான்கு, பறவை நின்றபடி நிழல் கொடுத்தது. கூடு மூன்று, முட்டை மூன்று.' போன தடவை பார்த்ததை அப்படியே எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், "ரெண்டாவது கூட்டுல எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சுப்பா?" நான், "கெழக்கால" என்றேன். நீ அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாய். இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் அதே டீக்கடை. கடைக்காரர் நான் யாரையோ எதிர்பார்த்துக் காத்திருப்பதாக நினைத்து, "இன்னும் வர்லயா சார்?" என்று கேட்பார்.

நான்காவது தடவை மனசு கேட்காமல் பொட்டலுக்குப் போனேன். மூன்று கூடும் காலி. நடுவில் வண்டிச் சக்கரத்தின் தடம் ஓடியிருந்தது, ஆட்டுக் குளம்பு எங்கும் இருந்தது. ஒரு மஞ்சள் மூக்கும் கண்ணில் படவில்லை. குனிந்து ஓட்டுத் தூளைத் தேடியிருக்க வேண்டும். குனிந்தால் நெஞ்சு பிடித்துக்கொள்ளுமோ என்று குனியவில்லை. ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. மூன்று கூட்டுக்கும் நேராக 'பொரித்துவிட்டன' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று இந்த வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தால் நீ கேள்வி கேட்டிருப்பாய். 'அழிந்தது' என்று எழுதியிருந்தால் எப்போது, எதனால் என்று கேட்டிருப்பாய். 'பொரித்தது' என்றால் நீ சந்தோஷப்படுவாய், கேள்வி வராது. அப்படியே ஆயிற்று. அன்றைக்கு நீ ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து என் கன்னத்தைக் கிள்ளினாய்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பொங்கலுக்கு வந்தபோது, மேடத்தின் முன்னால் பேச வேண்டியதை ஹாலில் நின்று எங்கள் இருவருக்கும் பேசிக் காட்டினாய். ஏரியில் கத்திக்கொண்டே இருக்கிற சிவப்பு மூக்குக்கு நான்கில் ஒன்றுதான் தங்கியது, சத்தம் போடாத மஞ்சள் மூக்குக்கு மூன்றும் தங்கியது, கூடுகள் கொஞ்சம்தான், ஆனாலும் கவனிக்க வேண்டிய வித்தியாசம் என்றாய். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நீ செகப்பு மூக்குப்பா. கத்திக் கத்தியே எதிரிக்கு எடத்தக் காட்டிக் குடுக்கிற. குஜராத் போனப்புறம் ஒரு நாளைக்கு பத்து போன் பண்ணாத. கொஞ்சம் மஞ்ச மூக்கா இரு." உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நான் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டேன், கவனித்தாயா? என் பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் குறைத்தேன். அந்த நியாயமே நான் பார்க்காமலே எழுதியது என்பது பிறகுதான் உறைத்தது. என் பொய்யை வைத்து நீ எனக்கே புத்தி சொன்னாய், அதை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஓட்டுத் தூளைப் பற்றிக் கேட்டதும், திங்கட்கிழமை காலை பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். பைபாஸில் இறங்கி நடந்தேன். பொட்டலில் புதிதாக இரண்டு வீடு எழும்பியிருக்கிறது. அஞ்சலை அங்கேதான் ஆடுகளோடு இருந்தாள். என்னைப் பார்த்ததும், "உசுரோட கீறியாண்ணே? அன்னிக்கு போனவரு, திரும்பவே காணமேன்னு நெனச்சேன்" என்றாள். நான் போன வருஷத்துக் கூடுகளைப் பற்றிக் கேட்டேன். கைகாட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அந்த ஓரத்துல இருந்துச்சு பாரு, அது பொரிச்சிச்சு. பஞ்சு உருண்டையாட்டம் நாலும் ஓடிச்சி. நடுவுல இருந்தத கீரி தின்னுடுச்சி. இந்தாண்ட இருந்தது மேல, கல்லு நட வந்தவங்க வண்டி ஏறிடுச்சி. நான் கத்தறேன், நிறுத்து நிறுத்துன்னு. அவன் காதுல பாட்டு மாட்டிக்கினு கீறான்."

"அந்தப் பறவைங்க சத்தமே போடாதாம்மா? எம் பொண்ணு அப்படித்தான் எழுதிக்கினு இருக்கா."

அவள் சிரித்தாள். "யாரு சொன்னது? நீ தூரமா குந்திக்கினு பாத்தா அது இன்னாத்துக்கு கத்தும்? குஞ்சு வெளிய வந்தப்புறம் பாக்கணும். எங்க ஆட்ட அந்தப் பக்கமே வுடல. தல மேல வந்து வந்து அடிச்சிச்சு. முட்டையா இருக்கறப்போ கம்முனு இருக்கும். காலு மொளச்சி ஓட ஆரம்பிச்சதும் அதுக்கும் பேஜாரு ஆரம்பிச்சிடும், நம்மளாட்டம்."

திவ்யா, அவள் சொன்னதை இங்கே எழுதுகிறேனே தவிர, இதை நோட்டில் சேர்த்துக்கொள் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து இன்னொருவர் வாயால் கேட்டது உன் ஆய்வுக்கு ஆகாது என்ற அளவுக்கு நீயே எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். பறவையும் கத்துகிறது, அதனால் நானும் கத்தலாம் என்று வாதாடவும் இதை எழுதவில்லை. அந்தப் பொட்டலில் அந்தப் பன்னிரண்டு நாள் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த நான் டீக்கடையில் இருந்தேன். அது உனக்குத் தெரிய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நோட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நெஞ்சு வலின்னு சொன்னீங்களே, அதுக்கப்புறம் எத்தினி தடவ வந்துச்சு?" என்றாள். மாடி ஏறும்போது இரண்டு மூன்று தடவை வந்தது என்றேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "நாளைக்கு காலையில டாக்டரு. அதுக்கப்புறம் பொண்ணுக்கு எழுதுங்க. ரெண்டுத்துல ஒண்ணக்கூட இனிமே மறைச்சி வச்சா, நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நேற்று போனோம். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும் போலத் தெரிகிறது, அடுத்த வாரம் இன்னொரு சோதனை செய்துதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே என்று கேட்டார். இப்போது எனக்கு இருக்கிற பெரிய பயம் என்ன தெரியுமா? நீ இந்தப் பத்தியைப் படித்ததும் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவாய். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பாவம், இப்போது போய் நோட்டைப் பற்றிப் பேசுவதா என்று என் தப்பை மன்னித்துவிடுவாய். குஜராத்தையும் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடுவாய். அப்படிச் செய்யாதே. என் நெஞ்சை டாக்டர் பார்த்துக்கொள்வார். உடம்பு சரியில்லாதவன் எழுதிய பொய்யும் பொய்தான்.

நோட்டை இதோடு வைத்திருக்கிறேன். நான் போகாத மூன்று நாட்களின் பக்கங்களிலும் சிவப்பு மையால் 'இந்த நாள் நான் இடத்துக்குப் போகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான்காவது நாள் பக்கத்தில், 'கூடுகள் காலி. பொரித்ததா என்று பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். பழைய எழுத்தை அடிக்கவில்லை, அது தெரியும்படியே இருக்கட்டும். இதனால் உன் ஆய்வேடு தள்ளிப்போகலாம். அந்த மூன்று கூட்டையும் எடுத்துவிட்டால் நீ எழுதிய கடைசி அத்தியாயம் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு சீசன் பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லலாம். வேலை கொடுத்தவர்கள் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லலாம். சொல்லாமலே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணமும் எனக்கு வந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. நாளைக்கு வேறு ஊரில், வேறு பொட்டலில், உன் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இந்தப் பறவையைத் தேடிக்கொண்டு நிற்குமே, அதற்கு வழி தவறாகச் சொன்னவன் நான் ஆகிவிடுவேனே என்று தோன்றியது. மேடத்திடம் நானே வந்து சொல்கிறேன். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எங்கே எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை இந்த வாரம் எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் அல்லவா, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போகிற இடத்தில் உனக்கும் ஒரு நாள் வரும், போக முடியாத நாள். காய்ச்சல் இருக்கும், பயம் இருக்கும், மனசு சரியிருக்காது. அன்றைக்கு 'போகவில்லை' என்று எழுது. அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. உடம்புக்கு ஏதாவது என்றால் பக்கத்தில் இருக்கிறவரிடம் உடனே சொல், ஆடு மேய்க்கிறவராக இருந்தாலும் சரி. உன்னிடம் யாராவது வந்து தங்கள் தப்பைச் சொன்னால், உடனே மன்னிக்கவும் வேண்டாம், உடனே வெறுக்கவும் வேண்டாம். முழுக்கக் கேள்.

இதைத் தபாலில் போட மனசு வரவில்லை. போய்ச் சேருமா, திங்கட்கிழமைக்குள் கிடைக்குமா என்று அதற்கும் ஒரு பயம். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் முதல் பாண்டிச்சேரி பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். என்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று உன் அம்மா லீவு போட்டிருக்கிறாள். கடிதத்தையும் நோட்டையும் வாட்ச்மேனிடம் கொடுத்து மேலே உன் லேபுக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் கீழே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் இருப்போம். ஆக, நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிற இந்த நேரம் நான் அங்கேதான் இருக்கிறேன். அவசரப்படாதே. நோட்டின் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார். மேடத்திடம் பேச வேண்டுமானால் முதலில் அதைப் பேசு. கோபம் இருந்தால் கோபத்தோடேயே இறங்கி வா, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இன்றைக்கு என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் அம்மாவை மட்டும் மேலே கூப்பிட்டுக்கொள், அவள் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டாள். சாயங்காலம் கடைசி ஆள் பூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

அப்பா